முந்திரிப்பால் பொங்கிய கதை

படித்தவன் செய்கிற தப்புக்கு ஒரு தனி லட்சணம் உண்டு. தப்பு நடப்பதற்கு முன்பே அதற்கான விளக்கம் தயாராக இருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன் நான். ஆனால் மகன் வீட்டுப் பால்காய்ப்பில் நான் செய்த காரியத்துக்கு மட்டும் இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகனும் மருமகள் கோமதியும் தென்காசியில் வீடு கட்டினார்கள். பேத்தி யாழினிக்கு அப்போது நாலு வயது. மாட்டுப்பால் அவளுக்கு ஆகாது. ஒரு வாய் குடித்தாலே உதடு தடித்து மூச்சு இழுக்கும். ஒரு தடவை ஆஸ்பத்திரிவரை போய் வந்தாயிற்று.

"புது வீட்டுல முதல்ல காய்ச்சுத பாலை எம் பிள்ளையும் குடிக்கணும் மாமா. தேங்காய்ப்பால் வைப்போமா?" என்று கோமதி கேட்டாள்.

"அது கொதிச்சாத் திரிஞ்சிரும்மா. பொங்காது. முந்திரிப்பால்தான் சரி. நான் பாத்துக்கிடுதேன்."

(இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். நடுவில் விளம்பரம் வந்ததும் மூடிவிட்டேன்.)

பால் பொங்கி வழிந்தால்தான் வீடு விளங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகவே தாராளமாகவே இறங்கினேன். செங்கோட்டையில் ஒரு கிலோ முந்திரிப்பருப்பு வாங்கி, இலஞ்சியில் எங்கள் வீட்டில் ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து, புது வேட்டியைக் கிழித்து வடிகட்டினேன்.

"கால் கிலோ போதாதா? கொஞ்சம் காய்ச்சிப் பாத்தியளா?" என்றாள் மனைவி.

"கெமிஸ்ட்ரி வாத்தியாருக்குக் காய்ச்சிவேற பாக்கணுமாக்கும்!"

வாத்தியாருக்கும் உள்ளூரப் பயம் இருந்தது. விடிந்து புறப்படும்போது, வழியில் அரை லிட்டர் பசும்பால் பாக்கெட் ஒன்று வாங்கி, யாருக்கும் தெரியாமல் என் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டேன்.

முகூர்த்த நேரம். புது அடுப்பு, புதுப் பானை. சொந்தபந்தம் அத்தனையும் சமையலறையை அடைத்து நின்றது. குலவை போடப் பெண்கள் தயார். முந்திரிப்பால் சூடேறியது. பொங்கவில்லை. இறுகியது. நடுவில் ஒரு குமிழ் வந்து சோம்பலாக 'புளுக்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

என் அக்கா செல்லம்மா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏலே, இது பாலா, போஸ்டர் ஒட்டுத பசையா?"

எல்லோரும் சிரித்தார்கள். கோமதி மட்டும் சிரிக்காமல் என்னையே நம்பிக்கையோடு பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது.

"எல்லாரும் கண்ணை மூடிச் சாமியை நினைச்சுக்கிடுங்க!" என்றேன்.

மூடினார்கள். மஞ்சப்பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து, பல்லால் கடித்துப் பானைக்குள் கவிழ்த்தேன். பால் சூடேற நேரம் வேண்டுமே! இலஞ்சி முருகனை அழைத்தேன். குற்றாலநாதரை அழைத்தேன். தென்காசி விசுவநாதர் வந்தும் கொதி வரவில்லை. மலை தாண்டி அச்சன்கோவில் சாஸ்தாவையும் துணைக்குக் கூப்பிட்டபோதுதான் பால் நுரைத்து எழுந்து, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது.

குலவை வீட்டை அதிரவைத்தது. "வாத்தியார் வாத்தியார்தான்" என்றார் யாரோ. கூச்சமில்லாமல் தலையாட்டினேன். ஒருவர் செய்முறை கேட்டார். அதையும் சொன்னேன்.

அந்தப் பேச்சு மும்முரத்தில் எதற்காக முந்திரிப்பால் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. திரும்பிப் பார்த்தபோது கோமதி டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தாள். "முதல் வாய் உனக்குத்தான் கண்ணு. தாத்தா உனக்காகவே செஞ்சது."

யாழினி டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள்.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. டம்ளரைத் தட்டிவிட்டேன். சுவரெல்லாம் பால். பிள்ளை அலறியது. செல்லம்மா அக்கா, "ஏலே, கிறுக்கு பிடிச்சிட்டா?" என்று கத்தினாள்.

"அதுல பசும்பால் கலந்திருக்கு. நான்தான் கலந்தேன்" என்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற என் குரல், அன்று எனக்கே கேட்கவில்லை.

கோமதி பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள். ஒரு சொட்டும் போகவில்லை. இருந்தும் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "பொங்கலைன்னா என்ன மாமா ஆயிருக்கும்? அடுப்பைத் துடைக்கிற வேலை மிச்சம். அவ்வளவுதான?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளே ஒரு தேங்காயைத் துருவிப் பிழிந்து, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் இறக்கிக் கருப்பட்டி போட்டுக் கொடுத்தாள். பொங்கவே பொங்காத அந்தப் பாலை யாழினி இரண்டு டம்ளர் குடித்தாள். வீட்டுக்கும் ஒரு குறையும் வரவில்லை.

குறை எனக்குத்தான். இப்போதும் லீவுக்கு அவர்கள் வரும்போது அந்த வீட்டுக்குப் போனால், யாழினி வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்து நிற்பாள்.

"தாத்தா, பையைக் காட்டுங்க."

உள்ளே எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. குனிந்து, பையை அகலமாக விரித்து, அடிவரை காட்டிவிட்டுத்தான் படியேறுகிறேன்.