காலாவதியான மாப்பிள்ளை

கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிற ஆட்கள் எல்லா வீட்டிலும் ஒருவராவது உண்டு. விருந்தாளி வருகிற நாளில் அவர்களை எங்காவது வெளியே அனுப்பிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். அன்று என்னை அனுப்பவும் வழியில்லை. வந்தவர்கள் பார்க்க வந்ததே என்னைத்தான்.

அப்போது நான் பதுளையில் ஒரு சிறிய வகுப்பில் கணினி படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. தெமோதரைக்குப் பெண் பார்க்கப் போய் சுகந்தியைப் பார்த்தாகிவிட்டது. எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் சம்மதம் என்று தரகர் வந்து சொன்னார். இனி அவளுடைய அப்பா எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லவேண்டும்.

அவர் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். மூத்த மகளை, கொழும்பில் பெரிய கம்பெனியில் வேலை என்று சொன்ன ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். வேலையும் பொய், அவன் காட்டிய சான்றிதழும் பொய். அந்தப் பெண் இப்போது அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். இதையெல்லாம் தரகர் முன்பே எங்களிடம் சொல்லியிருந்தார். அதனால்தான் அம்மா காலையிலிருந்தே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று எனக்குப் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். பக்கத்து வீட்டில் வாங்கிவந்த பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார், வாசலில் அம்மா போட்டிருந்த மரக்கறிப் பாத்தியைப் பார்த்தார். முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை. எங்கே படித்தேன் என்று கேட்டார். கொழும்பில் நான் டிப்ளோமா படித்த கல்லூரியின் பெயரைச் சொன்னேன். தலையாட்டினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான், அந்தக் கல்லூரியின் தளத்தில் என் இலக்கத்தை அடித்தால் பெயர், பெறுபேறு எல்லாம் வரும், காட்டுகிறேன் என்று மடிக்கணினியைத் திறந்தேன். சிக்னலுக்காகக் கைப்பேசியை ஜன்னலில் வைத்தேன். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள்.

என் பெயர் வரவில்லை. சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது. (சிக்னல் இல்லை என்று சொல்லி மூடியிருக்கலாமே என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள்.) நான் விவரம் வேண்டும் என்று அதன் கீழே ஓர் அமுக்கு அமுக்கினேன். விவரம் வந்தது.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

"சர்ட்டிபிகேட் எக்ஸ்பயர்டுன்னு போட்டிருக்கே, தம்பி."

"அது என் சர்ட்டிபிகேட் இல்லீங்க. அந்த வெப்சைட்டோடது."

"வெப்சைட்டுக்கும் குடுப்பாங்களா?"

"ஆமாங்க. தான் உண்மையான ஆளுன்னு காட்டுறதுக்கு. அத அப்பப்ப புதுப்பிக்கணும்."

"அப்ப இது உண்மையான ஆளு இல்லையா?"

"உண்மையாத்தாங்க இருக்கும். ஆனா பொய்யான ஆளா இருந்தாலும் இப்புடித்தான் காட்டும்."

இதைவிடச் சரியான பதிலை நான் வகுப்பில்கூடச் சொன்னதில்லை. அவர் மனைவி அவரைப் பார்த்தார். தகவலைத் திருடப் பார்க்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததையும் நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். தேத்தண்ணித் தட்டோடு வந்த அம்மா, யார் திருடன் என்று கேட்டார்.

உள்ளே போக வழி இல்லையா என்று அவர் கேட்டார். இருந்தது. ஆபத்து வந்தால் நம் பொறுப்பு என்ற குறிப்போடு கீழே சின்ன எழுத்தில் ஓர் இணைப்பு இருந்தது. "இருக்குங்க. ஆனா போகக்கூடாது. வகுப்புல புள்ளைங்களுக்கு அப்புடித்தான் சொல்லிக் குடுக்கிறேன்" என்றேன்.

ஓடிப்போய் டிரங்குப் பெட்டியிலிருந்து என் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"தாள் நான் முன்னாடியே பாத்திருக்கேன், தம்பி."

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். தேத்தண்ணி கோப்பையில் பாதி அப்படியே இருந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. கோப்பைகளைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினேன். தளத்தைப் பார்த்துக்கொள்பவர் லீவில் போயிருக்கிறார் என்றார்கள். பஸ்ஸில், வகுப்பில், சாப்பிடும்போது என்று அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். சிவப்பு மாறவில்லை. அதற்குள் வாத்தியாருடைய படிப்பு காலாவதியாகிவிட்டது என்று லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஓர் அக்கா என் தோளைத் தட்டி, திரும்பப் படித்துக்கொள்ளலாம், வயது இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படிப்பைப் பற்றிய கவலை இல்லை அது. ஏற்கெனவே ஒரு தடவை உடைந்துபோன மனிதரை, என் பெருமைக்காக மறுபடியும் அந்த இடத்திலேயே கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டேனே என்றுதான் இருந்தது.

ஒரு நாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது சுகந்தியின் அப்பா வந்தார். பிள்ளைகள் உட்காரும் கடைசி வாங்கில் போய் அவர்களோடு உட்கார்ந்தார். கூட்டல் கணக்கு ஒன்றைப் பலகையில் தப்பாகப் போட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் அழித்துத் திருத்தினேன். வகுப்பு முடியும்வரை அவர் அசையவில்லை.

பிள்ளைகள் போனதும், தளம் சரியாகிவிட்டது, இப்போது பார்க்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"மூத்த மாப்பிள்ளகிட்ட எதக் கேட்டாலும் ஒடனே நல்ல பதிலா வரும். நீங்க ஒங்களுக்கே பாதகமா சொல்லிக்கிட்டு இருந்தீங்க. சுகந்திதான் அத எடுத்துச் சொல்லுச்சு. எனக்கு வெளங்குறதுக்குக் கொஞ்ச நாளாச்சு."

பிறகு, வீட்டுக்கு வந்து கலியாணத்துக்கு ஒரு நல்ல நாள் பார்க்கச் சொன்னார். பஸ் நிலையம்வரை அவரோடு நடந்தேன். வழியில் நானாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. (அம்மாவால் நம்ப முடியவில்லை.)

கலியாணம் முடிந்து வருடங்கள் போய்விட்டன. ஒவ்வொரு வருடமும் கலியாண நாள் அன்று காலையில் மாமா தொலைபேசியில் கூப்பிடுவார். என்னிடம் பேசமாட்டார். மகளிடம் கொடுக்கச் சொல்லி, மாப்பிள்ளை இந்த வருடத்துக்குச் செல்லுமா என்று கேட்பார். சுகந்தி என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்ப்பாள். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பேன்.

"இன்னும் ஒரு வருசத்துக்குப் போட்டுக் குடுத்திருக்கேன்ப்பா" என்பாள்.