ஓட்டைத்துரையின் கல்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் ஓட்டைத்துரையைப்போல் ஒரு பிடிவாதக்காரரை நான் கண்டதில்லை. எருமைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் ஹங்கேரி நாட்டுச் சிற்பி. கொக்கட்டிச்சோலையில் எங்கள் பக்கத்து வளவை வாடகைக்கு எடுத்துக் கருங்கல் செதுக்கினார். சாமியும் இல்லை, யானையும் இல்லை. உருண்டு திரண்ட ஏதோ ஒரு வடிவம், நடுவில் ஓர் ஓட்டை. ஊர் அவருக்குப் பெயர் வைக்க ஒரு பகல்கூட எடுக்கவில்லை.

தமிழை அவர் கற்றது மாடு வளர்க்கும் சின்னத்தம்பி அண்ணனிடம். அதுவும் அண்ணன் மாடுகளோடு பேசும்போது. அதனால் கோயில் குருக்களைக் கண்டாலும், "ஹேய், நில்லு! எங்க போறாய்?" என்று அன்பாக விசாரிப்பார். குருக்களும் நின்று பதில் சொல்வார்.

"இது என்ன துரை?" என்று ஆட்கள் கேட்பார்கள்.

"கல்லு."

"அது தெரியுது. ஓட்டை என்னத்துக்கு?"

"அந்தப் பக்கம் பாக்க."

அண்ணனின் மனைவி பூமணியக்கா மட்டும் ஒருநாள் கல்லைத் தடவிப் பார்த்து, "புள்ளத்தாச்சிட வயிறு மாதிரிக் கிடக்கு துரை" என்றார். அன்று முழுக்க உளியைத் தொடாமல் வளவைச் சுற்றிச் சுற்றி ஆடினார் மனிதர்.

ஆகப் பெரிய கல்லை முடித்ததும், அதை வாவிக்கு அக்கரையிலுள்ள செட்டிபாளையம் கடற்கரையில் வைக்கப்போவதாகச் சொன்னார். ஓட்டைக்குள்ளால் ஊர் அலையைப் பார்க்க வேண்டுமாம்.

"பாலத்தால லொறியில கொண்டு போவம் துரை," அண்ணன் கெஞ்சினார்.

"தண்ணியால போகும்."

"தோணி பாரம் தாங்காது!"

"ஹேய், தள்ளி நில்லு!"

இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, பலகை பரப்பி, ஊரே கூடிக் கல்லை ஏற்றியது. நடு வாவியில் ஒரு தோணி சரிந்தது. கல் சத்தம் போடாமல் இறங்கிப் போனது. துரையைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கியவர் அண்ணன்தான். கரையில் சிலர் சிரித்தார்கள். துரையின் முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள்.

தண்ணீருக்கடியில் சுழியோடி, கயிறு கட்டி, இழுத்துப் பார்த்தார்கள். சேறு விடவில்லை. பிறகு அவர் வேறொரு கல்லைத் தொடவேயில்லை. கல்தூசு ஏற்கனவே நெஞ்சை அரித்திருந்தது. வைத்தியத்துக்கென்று தன் நாட்டுக்குப் போனவர், அங்கேயே இறந்துபோனார்.

இந்த வருடம் அவருடைய தங்கை வந்தார். கல் கிடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சின்னத்தம்பி அண்ணன் எங்கள் இருவரையும் தோணியில் கூட்டிப்போய் நடு வாவியில் நிறுத்தினார். கலங்கிய தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை.

"என் அண்ணன் இங்கே தனியாகவா இருந்தார்?" என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். நான் தமிழில் சொன்னதும் சின்னத்தம்பி அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தனியவோ? அவர் செத்த செய்தி வந்த அண்டைக்கு எங்கட வீட்டில அடுப்பெரியல்ல எண்டு சொல்லு மனே."