எலிகளை உறங்க வைக்கும் மகளுக்கு

மேற்பிரிவு லயம்,
பொகவந்தலாவை.
காமன் கூத்து முடிந்த மறுநாள்.

அன்புள்ள மகள் பூரணிக்கு,

அப்பா அழகுமுத்து எழுதிக்கொண்டது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மா நாகலெட்சுமியும், பனியைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம். அங்கு டென்மார்க்கில் நீயும் உன் பொறுப்பில் உள்ள எலிகளும் சுகமாய் இருக்க வேண்டுகிறோம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். கோயில் மேட்டில் நின்றால்தான் சிக்னல் பிடிக்கிறது. அங்கே நான் பேசினால் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கிறது. அம்மா பேசினால் ஒன்றும் கேட்பதில்லை, அழுகைதான் கேட்கிறது. "படிப்பு முடிஞ்சிருச்சுப்பா, இன்னும் மூணு வருஷம் இங்கேயே ஆராய்ச்சி செய்யக் கூப்புடுறாங்க. கையெழுத்துப் போடவா, ஊருக்கு வந்துரவா, நீங்களே சொல்லுங்க" என்று போன வாரம் கேட்டாய். அதற்குப் பதிலை ஊர் கேட்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பதிலுக்கு முன்னால் இங்கே நடந்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் நீ அனுப்பிய படத்தில் தொடங்கியது. ஓர் எலி, மூக்கில் சின்ன மூடி மாட்டிக்கொண்டு, அடியில் வெந்நீர் மெத்தை போட்டுக் குப்புறப் படுத்திருந்தது. "நமக்கு ஒரு நாளாச்சும் இப்புடி மெத்த கெடச்சிருக்கா?" என்றாள் அம்மா. அது உறக்கமல்ல, நீ கொடுத்த மயக்கம் என்று தெரிந்ததும் நெஞ்சில் கையை வைத்துவிட்டாள். "புள்ளையாரு ஏறிப்போற வாகனத்தையா இவ மயக்கிப் போடுறா?" எனக்கு விளக்கத் தெரியாமல், உனக்கு விஞ்ஞானம் படிப்பித்த யாழ்ப்பாணத்து அம்பலவாணர் மாஸ்டரைக் கூட்டிவந்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "மூளை சும்மா கிடக்கேக்கையும் சீனியை எரிச்சுக்கொண்டுதான் இருக்கும் அம்மா. மயக்கத்தில அது குறையும். எவ்வளவு குறையுது எண்டதை, அடையாளம் வைச்ச சீனியைக் குடுத்து, காந்த மெஷினுக்குள்ள வைச்சு உங்கட பிள்ளை அளக்கிறா. எலிக்கு நோகாது." அம்மா அத்தனையையும் கேட்டு, அதில் சீனியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே பிள்ளையார் கோயிலுக்குப் போய், கல் எலியின் காலடியில் ஒரு கை சீனி வைத்து, "எம்மக செய்யிறத மனசுல வச்சுக்காத சாமி" என்று கும்பிட்டாள். பிறகு அது வெள்ளி தவறாத நேர்த்தியாகிவிட்டது. கல் எலி தின்னவில்லை. உயிருள்ளவை தின்றன, தின்றவை சும்மா இருக்காமல் சீனி எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொண்டு நம் காம்பராவுக்கே குடிவந்துவிட்டன. பொறி வைக்கிறேன் என்றேன். "அங்க மக மயக்குறது போதாதா, இங்க அப்பன் வேற கொல்லணுமா?" என்று பொறியைக் கொண்டுபோய் ஆற்றில் போட்டாள். பக்கத்துக் காம்பரா ஜீவராணி, "மாமா, இதுகளுக்கும் பூரணிகிட்டயே ஒரு வேல வாங்கிக் குடுங்களேன்" என்று என்னைக் கண்ட இடத்திலெல்லாம் சொல்கிறாள்.

கூத்து வேஷப் பெட்டி நம் வீட்டில்தான் இருக்கிறது, உனக்குத் தெரியும். நேற்றுப் பின்னேரம் திறந்தால் மன்மதன் கிரீடம் தப்பியிருந்தது, ரதியின் சவுரிமுடிக்குள் எலி குட்டி போட்டிருந்தது. இந்த வருஷமும் ரதி வேஷம் கட்டுவது அழகன்தான். மீசையை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து முந்தானையால் மூடிக்கொண்டே ஆடுவானே, அவன்தான். தலையில் முடி கிடையாது. "மொட்ட ரதியா நின்னு எப்புடிங்க மாமா அழுகுறது?" என்று நிஜமாகவே அழப்போனான். அம்மா எழுந்து போய், அலுமாரியின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். குளிர் நாட்டில் தலை காயாது என்று போகும்போது நீ வெட்டிப்போட்ட முடி. அதை எப்போதோ ஆற்றில் விட்டிருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எண்ணெய் தடவி வைத்திருக்கிறாள், பூரணி.

நான் விளக்குக்கு எண்ணெய் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பும்போது பொழுது சாய்ந்து பனி இறங்கிவிட்டது. நம் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்க, நீ நிற்கிறாய். அலுமாரியும் அழகனும் எனக்கு மறந்தே போனார்கள். போத்தலைப் போட்டுவிட்டு ஓடினேன். "எப்ப தாயி வந்தே? ஒரு வார்த்த சொல்லலியே!" என்று தோளைத் தொட்டேன். திரும்பியது மீசை. "நான்தாங்க மாமா, அழகன்." லயமே சிரித்தது. தப்பு மேளம் அடிக்க வந்தவர்கள் அதற்கும் ஒரு அடி போட்டார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. உடைந்த போத்தலைப் பொறுக்கிக்கொண்டே, "எனக்கும் அப்புடித்தான் இருந்துச்சு. அதான் பின்னி முடிக்க அம்புட்டு நேரமாச்சு" என்றாள்.

ராத்திரி கூத்தில் மன்மதன் எரிந்ததும் ரதி அழுதாள். அவளைவிட நான் அழுதேன். தன் நடிப்புக்குத்தான் என்று நம்பி, இன்று காலை அழகன் வந்து என் காலில் விழுந்துவிட்டுப் போனான்.

ஆகையால் மகளே, அப்பாவின் முடிவு இது: கையெழுத்துப் போடாதே. எலிகளை நம்பிக்கையான ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டு வா. அட்டன் டவுனில் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்தாலும் பிழைக்கலாம். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

அம்மனும் பிள்ளையாரும், அவர் வாகனமும்கூட, உன்னைக் காக்கட்டும். தலைக்குத் தொப்பி போடாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணியிருக்கும் அப்பா,
அழகுமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேயிலை மலையிலிருந்து வந்தவள், கொழுந்துக் கூடையை இறக்காமலே நின்று கேட்டாள். "நாம அழுகுறது நம்ம பாடு. அதுக்காகப் புள்ளைய வேலைய விட்டுட்டு வரச் சொல்லுவீங்களா? அவ கொழுந்துக்குப் போகக் கூடாதுன்னுதானே நான் இத்தன வருஷம் போறேன்? போடச் சொல்லுங்க கையெழுத்த" என்றாள். நான் மறுத்துப் பார்த்தேன். பலிக்கவில்லை. கையெழுத்துப் போடு தாயி. போட்டதும் போன் எடுத்து அம்மாவிடம் சொல். அவள் தாங்கிக்கொள்வாள். என்னிடம் கொடுக்கச் சொல்லாதே. வா என்று சொல்லிவிடுவேன்.