பெற்றோர் உதவக் கூடாது

நெருப்பு, சக்கரம், பிரஷர் குக்கர் ஆகிய மூன்றுக்கும் பிறகு மனித குலம் கண்ட மகத்தான முன்னேற்றம் எதுவென்றால், படிப்பிலிருந்து பிள்ளைகளை விடுவித்ததுதான். அந்தக் காலத்தில் வீட்டில் பிள்ளை மட்டும் தனியாகக் கிடந்து படித்தது. அப்பா குறட்டை விட்டார். என்ன அநியாயம்! இன்று அந்தக் கொடுமை ஒழிந்தது. புணேயின் வாகட் பகுதியில் இருக்கும் ‘அகண்ட ஞான இன்டர்நேஷனல் ஸ்கூல்’ நான்காம் வகுப்பை அப்பா, அம்மா, டியூஷன் டீச்சர், ஜெராக்ஸ் கடைக்காரர் எல்லோரும் சேர்ந்து படிக்கிறார்கள். பிள்ளை மேற்பார்வை பார்க்கிறது.

இந்தப் புது தர்மம் கந்தசாமிக்குத் தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மழைக்காலம்கூட முடியாத வங்கி அதிகாரி அவர். சர்க்குலர் என்றால் வேதவாக்கு. மகள் வைஷு கொண்டுவந்த பள்ளி சர்க்குலரில், ‘நீரைக் காப்போம் கண்காட்சி. மாடலை மாணவரே தம் கையால் செய்ய வேண்டும். பெற்றோர் உதவக் கூடாது’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. மனுஷர் அதை அப்படியே நம்பிவிட்டார்.

அவர் உதவப்போவதில்லை என்று கேள்விப்பட்டதும் எதிர் ஃப்ளாட் வனஜா பதறிக்கொண்டு வந்தாள். புணேயிலேயே பிறந்து வளர்ந்தவள், விவரம் தெரிந்தவள்.

“அரே, என்ன அண்ணா இது! டாங்கே சௌக் பக்கம் மாடல் பண்ணிக் குடுக்கற துகான், அதான் கடை, இருக்கே. எங்க பையன் பிரணவுக்கு அணைக்கட்டு சொல்லியாச்சு. மோட்டார், லைட்டு, எல்லாம் ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்!”

“பெத்தவங்க உதவக் கூடாதுன்னு போட்டிருக்காங்களேங்க?”

“நாங்க எங்க உதவினோம்? துகான்காரன்தானே பண்றான்!”

இவ்வளவு நுட்பமான சட்ட அறிவு கந்தசாமிக்கு ஏது?

வைஷுவுக்கோ வேறு கவலை. தினமும் காலையில் குடியிருப்புக்குத் தண்ணீர் டேங்கர் வரும் சத்தத்தில் விழிக்கிற பிள்ளை அது.

“அப்பா, நம்ம மொட்டை மாடியில விழற மழை எங்க போகுது?”

“சாக்கடைக்குக் கண்ணு.”

“அப்புறம் எதுக்கு டேங்கர்?”

குடியிருப்போர் சங்கத்திடமே பதில் இல்லாத கேள்வி. பதிலை வைஷுவே செய்யத் தொடங்கினாள். ஷூ டப்பாதான் கட்டடம். மேலே ஒரு புனல், நடுவே ஸ்ட்ரா, கீழே ஊறுகாய் பாட்டில். பசை தலைமுடியில் ஒட்டியது; டப்பாவில் ஒட்டவில்லை. ஊற்றினால் ஒழுகியது. அடைத்தாள். மறுபடி ஒழுகியது. கந்தசாமி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, அந்த ஓட்டையை நீங்க அடைச்சுக் குடுத்தாத்தான் என்ன?” என்றாள் மனைவி நீலா.

“விதிமீறல் நீலா.”

கடைசியில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி வைஷு ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தாமல் பாட்டில் நிறைந்தது. “நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஊத்திக் காட்டுவேன்ப்பா!” என்று வீடு அதிரக் குதித்தாள்.

மறுநாள் கண்காட்சி. ஒவ்வொரு மாடலுக்குப் பக்கத்திலும் ஒரு பிள்ளை. பின்னால் ஸ்க்ரூடிரைவருடன் ஓர் அப்பா. மதிப்பெண் போட வந்தவர் ‘கல்வி ஒருங்கிணைப்பாளர்’ ரோஹிணி மேடம்.

“பேட்டா, இந்த மோட்டார் எப்படி ஓடுது?” என்று பிரணவைக் கேட்டார்.

“அப்பா ஜிபே பண்ணினார் மேடம். உடனே ஓடிச்சு.”

‘நிதி அறிவு: முழு மதிப்பெண்’ என்று குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

அடுத்தது வைஷு. மேடம் ஷூ டப்பாவைப் பார்த்தார். கந்தசாமியைப் பார்த்தார். துக்க வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்: “சார், வீட்ல ஏதாவது பிரச்னையா?”

“இல்லைங்களே.”

“நீங்களும் மிஸஸும் பேசிக்கறீங்கதானே?”

“சர்க்குலர்ல போட்டிருந்துச்சுங்க, பெத்தவங்க உதவக்...”

“சார், அது சர்க்குலர். அதையெல்லாம் யாராவது படிப்பாங்களா?”

வைஷு தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாள். “மேடம், ஊத்திக் காட்டட்டுமா?”

“ஐயோ, வேண்டாம் பேட்டா! தரை ஈரமாயிடும். சீஃப் கெஸ்ட் வர்றார்.”

நீரைக் காக்கும் கண்காட்சியில் ஒரு சொட்டு நீரும் சிந்தக் கூடாது என்பது எவ்வளவு உயர்ந்த கொள்கை! கொள்கையை முன்னிட்டு ஷூ டப்பா மேஜைக்கடியில் போயிற்று. சீஃப் கெஸ்ட் வந்தார், அணைக்கட்டோடு படம் எடுத்துக்கொண்டார், போனார். அவர் கார் கிளம்பும்வரை வைஷு செம்பைக் கீழே வைக்கவில்லை.

‘பெற்றோர் ஈடுபாடு: பூஜ்யம். தந்தைக்குக் கவுன்சலிங் தேவை’ என்று சீட்டு வந்தது.

ஸ்கூட்டரில் திரும்பும்போது பாதி வழியில் பின்னாலிருந்து வைஷு தோளைத் தட்டினாள். “அப்பா, அடுத்த மாசம் இன்னொரு ப்ராஜெக்ட் இருக்கு. ‘நேர்மை’ன்னு தலைப்பு.”

“செய்யலாங் கண்ணு. என்ன பண்ணப் போறே?”

“வனஜா ஆன்ட்டி சொன்ன கடையில சொல்லிடுங்க.”

கந்தசாமி வண்டியை ஓரங்கட்டினார். “யார் செஞ்சதுன்னு மேடம் கேட்டா?”

“நானே என் கையால செஞ்சேன் மேடம்னு சொல்வேன்.”

கண் இமைக்கவில்லை, குரல் பிசிறவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை இதைக் கற்றுக்கொள்ள, பள்ளியெல்லாம் முடித்து, உத்தியோகத்தில் சேர்ந்து, இருபது வருஷம் குப்பை கொட்ட வேண்டியிருந்தது. இப்போது ஒன்பது வயதிலேயே, ஒரே காலைப் பொழுதில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். கல்வி முன்னேறவில்லை என்று எந்தப் பாவி சொன்னது?