பச்சை ஜக்கெற்றும் குட்டி ஸ்லோத்தும்

எனக்குத் தெரியாத விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை. அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தில்தான் என்னைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. பதினொரு வருடத்துக்கு முன் அப்படித்தான் என் கலியாணமே கவிழப் பார்த்தது.

அப்போது எனக்கு முப்பத்திமூன்று வயது. லண்டனில், எட்மண்டனில் எலெக்ட்ரீசியன் வேலை. நாலு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. ஐந்தாவதும் போனால் இனி என் விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று அக்கா கையை விரித்துவிட்டாள்.

பெண் மிருக வைத்தியசாலையில் நர்ஸ். அவளுக்கு ஸ்லோத் என்றால் உயிராம் (மரத்தில் தலைகீழாகத் தொங்கியபடி நித்திரை கொள்ளுமே, அதுதான்). ஆகவே பெண் பார்ப்பது மிருகக்காட்சிசாலையில் என்று முடிவாயிற்று. எங்கள் ஆட்களின் வழக்கப்படி இரண்டு வீட்டாரும் தற்செயலாக வந்தது போல நிற்க வேண்டும். தெரிந்ததாகக் காட்டக் கூடாது. பிடிக்காவிட்டால் யாருக்கும் வெட்கமில்லை, பாருங்கள்.

படம் ஒன்று அனுப்பியிருந்தார்கள். கலியாண வீட்டு மேக்கப்பில் எடுத்தது. அதை வைத்துப் பெற்ற தாயாலும் பிள்ளையைக் கண்டுபிடிக்க ஏலாது.

“குளிருக்குப் பச்சை ஜக்கெற் போட்டிருப்பாளாம். கதைக்கச் சான்ஸ் கிடைச்சால் விடாதை,” என்றாள் அக்கா.

நானும் ஒரு கிழமை முழுக்க பஸ்ஸில் இருந்து ஸ்லோத் பற்றிப் படித்தேன். ஒரே ஒரு கட்டுரை. அதையே திரும்பத் திரும்ப.

ஸ்லோத் இருந்த மண்டபத்தை மழைக்காடு மாதிரிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். உள்ளே இரண்டு பெண்கள், பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒரே வயது. ஒருத்தியின் கையில் பச்சை ஜக்கெற். மேலே கொப்பில் ஸ்லோத். இதைவிட வேறென்ன வேண்டும்? நேரே போனேன்.

“இதுதான் உலகத்திலையே சின்ன ஸ்லோத். பனாமாவுக்குக் கிட்ட ஒரு குட்டித் தீவிலை மட்டும்தான் இருக்குது. கண்டல் மரத்து இலை தின்னும். நல்லா நீந்தும். மயிரிலை பாசி பிடிச்சுப் பச்சையாத் தெரியும். கிழமைக்கு ஒருக்காத்தான் கக்கூசுக்குக் கீழை இறங்கும்.” (தூரத்தில் அக்கா நெற்றியில் கை வைத்தாள்.) “கையிலை மூண்டு விரல்.”

“ரெண்டு விரல்தானே தெரியுது?” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

“தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கோ. நான் இவவோடை கதைக்கிறன்.”

ஜக்கெற் வைத்திருந்தவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “தம்பி, நான் இவளின்ரை சித்தி. புழுங்குது எண்டு கழட்டித் தந்தவள்.”

நான் இவ்வளவு நேரமும் யாரைக் கவர முயன்றேன்? கட்டப்போகிறவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேலே பார்த்தேன். பார்த்த கையோடு விரலை எண்ணினேன். இடது கையில் இரண்டு. வலது கையிலும் இரண்டு.

“நீங்கள் சொன்னதுதான் சரி,” என்றேன். “இது வேறை ஸ்லோத் போலை. எனக்கு அந்த ஒண்டைப் பற்றித்தான் தெரியும்.”

“அது அந்தத் தீவை விட்டு வாறேல்லை,” என்றாள் அவள். சிரித்தாளா, முறைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பெண் வீட்டாரிடமிருந்து பத்து நாளாகப் பதில் இல்லை. பதினோராம் நாள், சம்மதம் என்று போன் வந்தது. வீடு மாறி எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

கலியாணத்துக்குப் பிறகு மனைவியிடம் காரணம் கேட்டேன்.

“பிழை எண்டு சொன்ன உடனை நிமிர்ந்து பாத்து எண்ணினீங்கள். எங்கடை ஆம்பிளையளிலை அப்பிடி ஒருத்தரையும் நான் காணேல்லை,” என்றாள்.

ஆனால் சித்தப்பா இருக்கிறாரே, சித்தியின் கணவர், அவருக்கு யாரோ முழுக்கதையையும் சொல்லிவிட்டார்கள். எந்த விசேஷத்திலும் எனக்கும் சித்திக்கும் நடுவில் தன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். பகிடிக்குத்தான் என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர் மட்டும் இன்னும் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.