சித்திரையில் ஒரு கணப்புப் பரீட்சை

மதுரையில் குளிரால் வாடும் சர்க்கார் ஊழியர்களின் துயர் துடைக்கும் பொருட்டு, ஓவர்சீயர் பள்ளிக்கூட மாணவர்கள் குளிர்காயக் கையில் தூக்கிப் போகும் கணப்பு ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று பாடத்திட்டம் சொல்லியது. பாடத்திட்டம் அச்சானது லண்டனில். சித்திரை வெயில் இங்கே மண்டையைப் பிளக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? சொன்னால்தான் கேட்டுவிடப் போகிறார்களா?

உசிலம்பட்டிப் பக்கத்து உக்கிரபாண்டி மறுபேச்சில்லாமல் செய்தான். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, உள்ளே களிமண் பூசி, அடியில் காற்றுத் துளை விட்டு, மேலே கைப்பிடி மாட்டினான். கரி போட்டு மூட்டினால் நின்று எரிந்தது. பயல் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டடித்தவன். "இந்தத் தடவையும் போச்சுன்னா எம்மக மாயக்காளை வேற எடத்துல குடுத்துருவேன்" என்று தாய்மாமன் பேயாண்டி கறாராகச் சொல்லிவிட்டார். மாயக்காள் என்றால் இவனுக்கு உயிர்.

பரீட்சை அதிகாரி துளசிராம் சீமையில் ஒன்பது மாதம் இருந்து வந்தவர். வந்த நாள் முதல் கம்பளிக் கோட்டைக் கழற்றியதில்லை. வியர்வை மூக்கு நுனியில் சொட்டச் சொட்டக் கேட்டார்: "அறை எத்தனை டிகிரி ஃபாரன்ஹீட்?"

"நூத்திரண்டுங்கய்யா."

"நாற்பது டிகிரி அறையில்தான் பற்ற வைக்க வேண்டும் என்பது விதி. நூற்றிரண்டை யார் வேண்டுமானாலும் சூடாக்குவான்."

"மதுரையில நாப்பதுக்கு நான் எங்கய்யா போவேன்?"

"அதற்குப் பெயர்தான் பரீட்சை."

சிம்மக்கல்லிலிருந்து உமியில் புதைத்த ஐஸ் பாளங்கள் வண்டி வண்டியாக வந்திறங்கின. கதவு, சன்னல் எல்லாம் அடைத்தாயிற்று. சாயங்காலம் எழுபது டிகிரி. துளசிராம் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சுகம்.

"மூட்டிரட்டுமாய்யா?"

"எழுபதில் மூட்டினால் பரீட்சை செல்லாது."

மறுநாளும் ஐஸ் வந்தது. மூன்றாம் நாள் தாசில்தார் 'சாட்சிக்காக' ஃபைல்களோடு வந்து மூலையைப் பிடித்தார். பிறகு ரிஜிஸ்திரார், அவர் மைத்துனர், மைத்துனரின் சீட்டுக்கட்டு. எல்லார் கழுத்திலும் மஃப்ளர். அந்த வாரம் மதுரையில் மஃப்ளர் இல்லாதவன் மனுசனே இல்லை என்றாகிவிட்டது. வெளியே வெயிலில் மனுவோடு வரிசையில் நின்ற குடியானவர்கள்கூட, எதற்கு வம்பு என்று துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் உக்கிரபாண்டி பொறுமை அற்றுப்போய்த் தீப்பெட்டியை எடுத்தான். அதற்குள் பன்னிரண்டு பேராகிவிட்ட அதிகாரிகள் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தம்பி, உனக்குப் பாஸாக வேண்டுமா, பற்ற வைக்க வேண்டுமா?" என்றார் துளசிராம், பெத்த தகப்பன் மாதிரி.

தீப்பெட்டி மடிக்குள் போய்விட்டது.

அறிக்கை போயிற்று: "மேற்படி கணப்பு வைக்கப்பட்ட அறையில் உஷ்ணம் நூற்றிரண்டிலிருந்து அறுபத்தாறுக்கு வந்தது. குளிரால் துன்புற்றதாக எவரும் புகார் செய்யவில்லை. முதல் வகுப்பு." மேலிடத்துக்கு ஒரே பூரிப்பு. மாகாணத்துச் சர்க்கார் கச்சேரி தோறும் ஒரு கணப்பு, தினம் இரண்டு வண்டி ஐஸ், நாற்பது டிகிரி இருந்தாலொழிய நெருப்பு வைக்கக் கூடாது என்று உத்தரவு பிறந்தது. உக்கிரபாண்டிக்குக் கணப்பு ஓவர்சீயர் உத்தியோகம். பேயாண்டி வாயெல்லாம் பல்லாக மகளைக் கட்டிக்கொடுத்தார். வேலை போட்ட இடம் உதகமண்டலம்.

மார்கழி மாதம். ஊரே வெள்ளையாக உறைந்து கிடக்க, உத்தரவுப்படி ஐஸ் ரயிலேறி வந்துகொண்டிருந்தது. அது ஒரு சொட்டும் உருகவில்லை என்பதைக் கருவியின் நற்குணமாக உக்கிரபாண்டி எழுதி அனுப்பினான். வீட்டிலோ மாயக்காள் மூன்று கம்பளிக்குள் பல் கிட்டிப்போய்க் கிடந்தாள்.

"மச்சான், அந்தத் தகரத்துல ரெண்டு கரியப் போட்டு மூட்டுங்க. செத்துருவேன் போல."

விறைத்த விரலால் உஷ்ணமானியைத் துடைத்துப் பார்த்தான்.

"முப்பத்தாறுதான் புள்ள இருக்கு. விதி நாப்பதுங்குது. இன்னொரு நாலு டிகிரி சூடு ஏறட்டும், ஒடனே மூட்டிருவோம்."



"ஆடு மேய்க்கிறவனக் கட்டியிருந்தா இந்நேரம் நாலு சருகையாவது கூட்டிக் கொளுத்தியிருப்பான்" என்றாள் மாயக்காள்.