மும்மண்டலப் பை

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, கோல்ஃப் பையை அடுக்கும் முறையைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றாவது சாதனைக்குச் சொந்தக்காரர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் கிடங்கு அதிகாரி.

புதிதாக வந்த இயக்குநர், "ஞாயித்துக்கிழமை மேலாளர்கள் எல்லாரும் கோல்ஃப் மைதானத்துக்கு வந்துடுங்க. ஒருத்தரோட பையைப் பார்த்தாலே அவரோட நிர்வாகம் எனக்குத் தெரிஞ்சிடும்" என்று திருவாய் மலர்ந்திருந்தார். துணைப் பொது மேலாளரின் நாற்காலி காலியாக இருந்த நேரம். கிடங்கு அதிகாரி அன்றே பை வாங்கிவிட்டார்.

வீட்டுக் கூடத்தில் சோபா நிறைய மட்டைகள். சாப்பாட்டு மேசை நிறையப் பந்துகள். மனைவி தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இதை ஆடத் தெரியுமா உங்களுக்கு?"

"ஆடறதை யார் வேணும்னாலும் ஆடிடலாம். அடுக்கறதுதான் வித்தை."

"அப்படியே அந்த பீரோவையும் கொஞ்சம் அடுக்கிடுங்களேன்."

அவர் அடுத்த மட்டையைக் கையில் எடுத்தார். மேதைகளுக்கு வீட்டில் எப்போதுமே மரியாதை கம்மி.

சனிக்கிழமை காலை, அலுவலகத்தில் பையை மேசைமேல் நிறுத்திவைத்து விளக்கக் கூட்டம். நீள மட்டைகள் பின்னால், நடுத்தரம் நடுவில், குட்டை முன்னால். இதற்கு அவர் சூட்டிய பெயர் 'மும்மண்டலக் கொள்கை'.

"சார், பந்து எந்த மண்டலத்துல வரும்?" என்று ஒரு குமாஸ்தா பயபக்தியோடு கேட்டார்.

"பந்து மண்டலங்களுக்கு அப்பாற்பட்டது. அது பக்கவாட்டுப் பையில போகும்."

கைதட்டல் ஓய்வதற்குள் மெக்கானிக் உள்ளே ஓடி வந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"சார், பேக்கிங் மெஷின் நின்னுடுச்சு. பெல்ட் அறுந்துபோச்சு. புது பெல்ட் கிடங்குக்கு வந்தாச்சுன்னு சொல்றாங்க, எங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல."

"கிடங்குல இல்லாத பொருளே இல்லப்பா. பொறுமையா தேடணும்."

"எங்க சார் பொறுமை! மெஷின் ஓடலைன்னா இன்னைக்குக் கூலி கிடையாதுன்னு பேக்கிங் பண்றவங்ககிட்ட மேஸ்திரி சொல்லிட்டார்..."

சொல்லிக்கொண்டே வந்தவரின் கண் பையில் குத்திட்டு நின்றது. மட்டைகளுக்கு நடுவே ஒரு கறுப்பு ரப்பர் வார், வளைந்து வளைந்து போய், பையை மூன்றாகப் பிரித்திருந்தது.

"சார், இது..."

"மண்டலப் பிரிப்பான்."

"ஐயோ சார், இதுதான் அந்த பெல்ட்!"

அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்தார். படிக்கட்டில் சாப்பாட்டு டப்பாக்களை மடியில் வைத்தபடி பேக்கிங் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கும் மனசு இருக்கத்தான் செய்தது. பெல்ட்டைப் பிடித்து மெல்ல இழுத்தார். பின்மண்டலம் மொத்தமும் முன்மண்டலத்தின் மேல் தடதடவென்று சரிந்தது. காலி நாற்காலி கண்முன் வந்து நின்றது. பெல்ட்டைப் பழையபடி செருகிவிட்டார்.

"திங்கட்கிழமை மொத வேலையா கொடுத்துடறேன்."

பெண்கள் கூலியில்லாமல் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் மைதானத்தில் இயக்குநர் "அந்தக் குட்டை..." என்று கேட்கத் தொடங்கும்போதே, கிடங்கு அதிகாரி தன் பையிலிருந்து உருவிய மட்டை அவர் கையில் இருந்தது. இயக்குநர் ஓங்கி அடித்ததில் புல் வெகுதூரம் போனது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் என்ன!

"பிரமாதம்! இந்தப் பிரிப்பான் எங்க வாங்கினீங்க?"

"வாங்கல சார். நம்ம கிடங்குல சும்மா கிடந்தது."

"சிக்கனம்னா இது!" இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை கிடங்கு அதிகாரி துணைப் பொது மேலாளர் ஆகிவிட்டார். பை, பெல்ட்டோடு சேர்த்து, வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. மெக்கானிக் வேறு பெல்ட் வாங்கக் கடைக்குப் போனார்.

அன்று மாலை, இப்படிப்பட்ட மேதையை வளர்த்த கிடங்கை இயக்குநர் நேரில் தரிசிக்கப் போனார். மூட்டைகள் மேல் ஏறி இறங்கி, இரண்டு தடவை வழி தவறி, தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தார்.

"கிடங்குக்குப் புதுசா ஒரு அதிகாரியைப் போடணும் சார்" என்றார் துணைப் பொது மேலாளர் பணிவாக.

"எதுக்குங்க வீண் செலவு?" என்றார் இயக்குநர் ஒட்டடையைத் தட்டியபடி. "நான் மூலைமுடுக்கெல்லாம் பார்த்துட்டேன். இத்தனை வருஷமா அங்க யாருமே இருந்த மாதிரி தெரியலையே!"